செருப்போடு ஏறும் வீடு

நவம்பர் 18, செவ்வாய்

பேருந்து வந்துவிட்டது. தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு நம் வாசலில் நிற்கிறது. முன்பு ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஓடிய வண்டி. வெள்ளை அடித்திருக்கிறார்கள். ஆனால் கதவு இடுக்கில் பழைய மஞ்சள் தெரிகிறது. கரூரில் பேருந்துக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு இரண்டு கட்டில், ஒரு சமையல் மேடை, ஃப்ரிட்ஜ், கீசர் வைத்த குளியலறை எல்லாம் அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கூரையில் சோலார் பலகைகள்.

ஓய்வு பெற்றதும் ஊர் ஊராகப் போய்த் தங்க வேண்டும் என்பது இவருடைய பல வருட ஆசை. கல்லூரியில் வணிகவியல் நடத்திக்கொண்டிருந்தபோதே ஆரம்பித்தது. எனக்கு விருப்பமில்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். வண்டி வந்துவிட்டதால் இனி அதைச் சொல்லிக் காட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

பட்டறை முதலாளி சென்னியப்பன் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். சுற்றிக் காட்டினார். கேள்வி கேட்டது நான். பதில் சொன்னது இவரிடம்.

"பாட்டரி எத்தனை?" என்று கேட்டேன்.

"மேடத்துக்குப் புரியற மாதிரி சொல்லிடறனுங்க சார்," என்று இவரைப் பார்த்துச் சொன்னார். "வண்டி ஓடறதுக்கு ஒரு பாட்டரிங்க. வீட்டுக்கு ஒரு பாட்டரிங்க. அது வேற, இது வேற. வீட்டுப் பாட்டரில இருந்து இன்வெர்ட்டர் வழியா ஃபேன், லைட், ஃப்ரிட்ஜு எல்லாம் ஓடுமுங்க. நிறுத்தியிருக்கும்போது பக்கத்து வீட்டுல, லாட்ஜுல எங்கயாவது பிளக்க மாட்டிட்டா பாட்டரியும் சார்ஜ் ஆகும், கீசரும் ஓடும். அவ்ளதானுங்க."

அவ்வளவுதான் என்றால் எனக்கும் புரியும். மாவட்டச் செய்தியாளராக வேலை பார்த்த காலத்தில் துணை மின்நிலைய விபத்துகளை எழுதியிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

போர்ட்டிகோ பிளக்கில் வயரை மாட்டிவிட்டு இவரும் அவரும் வண்டிக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். காபி கொண்டுபோனேன். செருப்பைக் கீழே விட்டு, ஒரு கையில் தட்டோடு, மறு கையால் வாசல் கம்பியைப் பிடித்தேன். சுருக்கென்று ஒரு இழுப்பு. காபி சிந்திவிட்டது.

"ஷாக் அடிக்குதுங்க," என்றேன்.

"புது வண்டிம்மா, அப்படித்தான் இருக்கும்," என்றார் சென்னியப்பன். இவர் மீதிக் காபியை எடுத்துக்கொண்டார்.

நவம்பர் 19, புதன்

மழை. ஏறும்போதெல்லாம் சுருக்கென்கிறது. இவருக்கு ஒன்றுமே இல்லையாம்.

வண்டிக்குள் இவர் செருப்போடு நடக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்குள் செருப்போடு வந்தவரில்லை. தரையெல்லாம் சேறு. துடைத்தேன்.

நவம்பர் 22, சனி

வீட்டுப் பாட்டரியைப் புரிந்துகொள்ள இன்று முழுவதும் வண்டியிலேயே இருந்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எதைப் போட்டால் மீட்டர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தேன். இது மாடியில் வைத்த தண்ணீர்த் தொட்டி மாதிரி. மேலே இருந்து சோலார் ஊற்றுகிறது, கீழே குழாய்கள் திறந்திருக்கின்றன. விளக்குகள் சொட்டுச் சொட்டாகத்தான் எடுக்கின்றன. மின்விசிறியும் அப்படியே. ஃப்ரிட்ஜ் அவ்வப்போது ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சும்மா இருக்கிறது. காபிக்கும் இட்லிக்கும் இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டதும் மீட்டரில் ஒரு கட்டம் காணாமல் போய்விட்டது. கீசரைப் பாட்டரியில் போடவே கூடாது.

வானம் மூடியிருக்கும் இந்த மாதத்தில் சோலாரிலிருந்து வருவது ஃப்ரிட்ஜுக்கே போதவில்லை. என் இன்சுலின் அந்த ஃப்ரிட்ஜில்தான் இருக்கப்போகிறது. ஆகவே போகிற இடத்தில் பிளக் மாட்டாமல் முடியாது.

இன்னொன்று. பிளக்கைப் பிடுங்கியிருந்த நேரம் முழுவதும் ஏறி இறங்கினேன். ஒருமுறைகூடக் கை இழுக்கவில்லை. சாயங்காலம் பிளக்கை மாட்டினேன். இழுத்தது.

இவரிடம் சொன்னேன். "சுலோ, உனக்குச் சர்க்கரை இருக்குல்ல. நரம்புல அப்படித்தான் வரும். டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாம்," என்றார். மிகவும் அன்பாகச் சொன்னார்.

நவம்பர் 25, செவ்வாய்

டாக்டரிடம் அழைத்துப் போனார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் இவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"சுருக் சுருக்குங்குதுங்கறாங்க டாக்டர். எதைத் தொட்டாலும்."

"எதைத் தொட்டாலும் இல்ல," என்றேன். "பஸ்சைத் தொட்டா மட்டும்."

டாக்டர் சிரித்தார். காலில் ஒரு கம்பியை வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது. ஆனாலும் ஆரம்ப நிலை நரம்புப் பாதிப்பாக இருக்கலாம் என்றார். மாத்திரை எழுதினார். வெறுங்காலோடு எங்கேயும் நடக்கக் கூடாது, சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கிற எம்.சி.ஆர் ரப்பர் செருப்பை வாங்கி எப்போதும் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

"வண்டிக்குள்ளேயுமா?"

"வண்டி என்னம்மா, கோயில் கருவறை தவிர எல்லா இடத்துலயும்."

இழுப்பது கால் அல்ல, கை என்று சொல்ல வாயெடுத்தேன். அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நவம்பர் 29, சனி

தரங்கம்பாடி. முதல் வெள்ளோட்டம். தெரிந்தவருடைய வீட்டுத் தோட்டத்தில் வண்டியை நிறுத்தி, அவர்கள் வீட்டு பிளக்கில் மாட்டியிருக்கிறோம். கடற்காற்று நன்றாக இருக்கிறது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

எம்.சி.ஆர் செருப்போடு ஏறினேன். இழுக்கவில்லை. மறுபடி இறங்கி ஏறினேன். இழுக்கவில்லை. இவருக்கு ஒரே சந்தோஷம். மகள் குழலிக்கு உடனே போன் செய்து, "உங்கம்மாவுக்கு நரம்புதான்மா. டாக்டர் சொன்னது சரியாப் போச்சு. செருப்புப் போட்டதும் நின்னுடுச்சு," என்றார்.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது நான் இறங்கிப்போய்ச் செருப்பைக் கழற்றினேன். ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று கம்பியைத் தொட்டேன். முழங்கை வரை ஏறியது.

நரம்புக்குச் செருப்பு மருந்தென்றால், மின்சாரத்துக்கும் ரப்பர்தான் மருந்து. டாக்டரின் சிகிச்சை பலித்ததால் அவர் சொன்ன நோய் உண்மையாகிவிட்டது. இதை யாரிடம் சொல்வது?

டிசம்பர் 2, செவ்வாய்

இன்று முதல் காபியில் அந்த அரை ஸ்பூன் சர்க்கரையும் இல்லை. எப்படியும் நிறுத்த வேண்டும் என்று இருந்ததுதான். குளித்துவிட்டு வந்து ஒவ்வொரு கால்விரலையும் பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் தெரிகிறது.

டிசம்பர் 5, வெள்ளி

குழலி பேசினாள். இருபதாம் தேதி வருகிறாள். மாப்பிள்ளைக்கு விடுப்பு இல்லை. அவளும் குழந்தையும் மட்டும். இருபத்திரண்டாம் தேதி எல்லோரும் இந்த வண்டியில் கோடியக்கரைக்குப் போகிறோம். பேத்தி இயலுக்குப் பூநாரை காட்ட வேண்டும் என்று இவர் படம் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறார்.

"இயலுக்கு நல்ல ரப்பர் செருப்பா ஒண்ணு வாங்கிட்டு வா," என்றேன்.

"செருப்பா? நீ வேறம்மா. மாட்டி விட்டா அடுத்த நிமிஷம் கழட்டி வீசறா. எங்க ஊர்க் குளிர்லயே அப்படி. அங்க வந்தா கேக்கவே வேணாம், மண்ணுல உருளப்போறா."

இரண்டு வயதுக் குழந்தை வண்டிப் படியில் எப்படி ஏறும்? ஒரு காலை மண்ணில் ஊன்றி, இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிப் பிடித்துத்தான் ஏறும். வாயையும் வைக்கும்.

எனக்கு இழுக்கிற இழுப்பு அவ்வளவு சிறிய உடம்பை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் அவளை அந்த வண்டிக்குப் பக்கத்தில் விடப்போவதில்லை. நரம்பு என்றால் ஆபத்து எனக்கு. மின்சாரம் என்றால் அவளுக்கு. எது என்று இருபதாம் தேதிக்குள் தெரிந்தாக வேண்டும்.

சாயங்காலம் இவர் கடைக்குப் போய்க் கனமான ரப்பர் விரிப்பு ஒன்று வாங்கிவந்து படிக்குக் கீழே போட்டார். "குழந்தை வழுக்கி விழுந்துடக் கூடாதுல்ல," என்றார். நல்ல யோசனைதான். ஆனால் விரிப்பு படியளவுக்குத்தான் இருக்கிறது. வண்டியோ பேருந்தளவுக்கு இருக்கிறது.

டிசம்பர் 8, திங்கள்

சாட்சி கிடைத்துவிட்டது.

காலையில் மழை விட்டிருந்தது. தெருமுனை டீக்கடைச் செவலை நாய் வழக்கம்போல் ஒவ்வொரு வண்டிச் சக்கரமாக முகர்ந்துகொண்டு வந்தது. நம் பேருந்தின் இரும்புப் படிக்குப் பக்கத்தில் நின்று காலைத் தூக்கியது. அடுத்த நொடி அது போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். நாய் தெருமுனை வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் ஓடியது. பிளக் மாட்டியிருந்தது.

உள்ளே போய் இவரிடம் சொன்னேன்.

"நாய்க்குச் சர்க்கரை இருக்காங்க?"

பேப்பரைத் தாழ்த்தவில்லை. "தேள் கீள் கொட்டியிருக்கும்," என்றார்.

அலமாரியிலிருந்து டெஸ்டரை எடுத்துக்கொண்டு போனேன். எல்லா வீட்டிலும் இருக்கிற அந்த ஸ்க்ரூ டிரைவர் டெஸ்டர்தான். எம்.சி.ஆர் செருப்பைப் போட்டுக்கொண்டு, முனையை வாசல் கம்பியில் வைத்து, டெஸ்டரின் தலையில் விரலை வைத்தேன். விளக்கு எரிந்தது. படியில் வைத்தேன். எரிந்தது. சக்கரத்து நட்டில் வைத்தேன். அங்கேயும் எரிந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். அணைந்தது.

வண்டி முழுவதும் மின்சாரம். உள்ளே இருக்கும்போது ஏன் தெரியவில்லை என்பதும் இப்போது புரிகிறது. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கிற காக்கைக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரு கால் மண்ணிலும் ஒரு கை வண்டியிலும் இருக்கும்போதுதான் ஆபத்து. வீடென்று நினைத்து, செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறுகிறவளுக்கு அது ஒவ்வொரு முறையும் நடக்கிறது. செருப்போடு ஏறுகிறவருக்கு நடப்பதே இல்லை.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "டெஸ்டர் சும்மாவே எரியும் சுலோ. இண்டக்‌ஷன்," என்றார். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன். டீக்கடைக்குப் போய்விட்டார்.

பிளக்கை நான் திரும்ப மாட்டவில்லை. இனி மாட்டவும் விடமாட்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

சென்னியப்பனுக்குப் போன் செய்தேன். முதலில் எடுக்கவில்லை. இவருடைய போனிலிருந்து செய்தேன். உடனே எடுத்தார்.

"சொல்லுங்க சார்."

"சார் இல்ல, நான் அவர் மனைவி பேசறேன். உங்க வண்டி பாடி பூரா கரண்ட் வருது."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேடம். ஈரக் கையோட தொட்டிருப்பீங்க."

"நாய் ஈரக் கையோட தொடலை."

"எந்த நாயிங்க?"

சொன்னேன். சிரித்தார். வண்டியைக் கொண்டுவாருங்கள், பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வியாழக்கிழமை வருகிறோம் என்றேன். இவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "சின்ன விஷயத்தப் பெரிசாக்காத," என்றார். யாருக்குச் சின்ன விஷயம் என்று கேட்டேன். கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார்.

டிசம்பர் 11, வியாழன்

கரூர் போய் வந்தோம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பட்டறை பெரியது. பத்துப் பன்னிரண்டு பேருந்துகள் எலும்புக்கூடாக நின்றன. தரை முழுவதும் தண்ணீர், வண்டி கழுவுகிற இடம். அங்கே நிறுத்தச் சொன்னேன். பட்டறை பிளக்கில் வயரை மாட்டச் சொன்னேன். மாட்டினார்கள். டெஸ்டரை வைத்தேன். எரிந்தது.

"இதெல்லாம் ஒரு இதா மேடம்," என்றார் சென்னியப்பன். "எறநூறு வண்டிக்கு மேல கட்டியிருக்கறனுங்க. ஒரு கம்ப்ளைன்ட் வந்ததில்ல."

"வீடு கட்டின வண்டி எத்தனை?"

"அது ஒரு ஆறேழு இருக்குமுங்க."

"செருப்பக் கழட்டிட்டு இந்தத் தண்ணில நின்னு, அந்தக் கம்பியப் பிடிப்பீங்களா?"

அவர் தன் ஷூவைப் பார்த்தார். பக்கத்தில் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"எனக்கு வேற சோலி இருக்குதுங்க மேடம்."

"பிடிக்கச் சொல்லலை. பிடிப்பீங்களான்னு கேட்டேன்."

அவர் முகம் மாறியது. கோபத்தில்தான் அந்த வார்த்தை வந்தது. அவர் யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

"ஏனுங் மேடம், என்னமோ நான் மறைச்ச மாதிரி பேசறீங்க. வண்டியப் பாக்க வந்த அன்னைக்கே சாருக்கு ஷாக் அடிச்சுதுங்க. இங்கதான், இதே எடத்துலதான். செருப்புப் போட்டுட்டே ஏறுங்க சார், போகப் போகச் சரியாப்போயிடும்னு நான் சொன்னேன். சார் உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

இவர் வண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வந்த வேலை வேறு. இந்த வண்டிக்கு வயரிங் செய்தவர்களைக் கூப்பிடுங்கள் என்றேன்.

இரண்டு பேர் வந்தார்கள். வண்டிக்குரிய வயரிங் செய்தவர் காதர் பாஷா. லாரி, பஸ் எலக்ட்ரீஷியன். வீட்டுக்குரிய வயரிங் செய்தவர் ஜெரால்டு. கட்டடங்களுக்கு வயரிங் செய்கிறவர், இந்த வேலைக்காக வெளியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். இவர்கள் இருவரும் இந்த வண்டியில் ஒரே நாளில் வேலை செய்ததில்லை. ஒருவர் முடித்துவிட்டுப் போன பிறகு மற்றவர் வந்திருக்கிறார்.

"எர்த் குடுத்தீங்களா?" என்று ஜெரால்டிடம் கேட்டேன்.

"பிளக்குல இருந்து பெட்டி வரைக்கும் பச்சைக் கம்பி இழுத்து விட்டுட்டேன்மா. பாடியில எர்த் குடுத்தாச்சான்னு போன்ல கேட்டேன். பாய் குடுத்தாச்சுன்னாரு. அதனால விட்டுட்டேன்."

"குடுத்தேன்ல?" என்றார் காதர் பாஷா. படுத்து, வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். "பாருங்கம்மா. பாட்டரி நெகட்டிவ் கேபிள், சேசிஸ்ல போல்ட் போட்டு இறுக்கியிருக்கேன். அசைச்சுப் பாருங்க. அசையுதா?"

"பாய், அது உங்க எர்த்து," என்றார் ஜெரால்டு. "நான் கேட்டது எங்க எர்த்து."

"எர்த்துல என்னப்பா உங்க எர்த்து எங்க எர்த்து? கட்சியா?"

"அய்யோ பாய். நான் சொல்றது மண்ணுக்குப் போற எர்த்து."

"டயர்ல ஓடற வண்டிக்கு மண்ணு எங்கருந்துப்பா வரும்?"

பிறகு ஜெரால்டு வண்டிக்குள் ஏறி, பெட்டியைத் திறந்தார். பச்சைக் கம்பியின் முனை, டேப் சுற்றி, ஒன்றிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது.

லாரி எலக்ட்ரீஷியனுக்கு எர்த் என்றால் பாட்டரியின் மைனஸ் கம்பியை வண்டியின் இரும்பில் பூட்டுவது. வீட்டு வயர்மேனுக்கு எர்த் என்றால் கசிகிற மின்சாரம் ஆளைத் தொடாமல் மண்ணுக்குப் போக விடுகிற வழி. ஒரே சொல். "குடுத்தாச்சா" என்று ஒருவர் கேட்டார். "குடுத்தாச்சு" என்று இன்னொருவர் சொன்னார். இருவரும் பொய் சொல்லவில்லை. கீசரின் காயிலில் கசிவு இருந்திருக்கிறது. கசிந்தது வண்டியின் இரும்பில் ஏறியது. இறங்க வழியில்லாமல் யாராவது தொடுவதற்காகக் காத்திருந்தது.

"மொழிப் பிரச்சினை, வேற ஒண்ணுமில்லீங்க மேடம்," என்றார் சென்னியப்பன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். மொழிப் பிரச்சினை. இரண்டு பேர் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டது மன்னிக்கக் கூடியது. ஷாக் அடிக்கிறது என்று தெரிந்த பிறகு, வண்டியைத் திறந்து பார்க்காமல் செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்வது எந்த மொழியில் பிரச்சினை? அதைச் செய்தவர் ஒருவர்.

ஒருவர் என்று எழுதிவிட்டேன். அந்த வார்த்தையைத் திருத்த வேண்டும். இன்று கை வரவில்லை.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, பஸ்ஸில் திரும்பினோம். பெண்கள் இருக்கையில் இடம் இருந்தது. உட்கார்ந்துகொண்டேன். இவர் பின்னால் நின்றுகொண்டே வந்தார்.

டிசம்பர் 12, வெள்ளி

இட்லிக்கு அரைத்தேன். துணி காயவில்லை. நரம்பு மாத்திரையைக் குப்பையில் போட்டேன்.

டிசம்பர் 13, சனி

நான் மட்டும் கரூர் போனேன். வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன்.

ஜெரால்டையும் காதர் பாஷாவையும் ஒரே நேரத்தில் வண்டிக்குள் ஏற்றி உட்கார வைத்தேன். முதலில் கீசரைக் கழற்றி வேறு மாட்டினார்கள். பச்சைக் கம்பியை வண்டியின் இரும்போடு பூட்டினார்கள். ஜெரால்டு கம்பியைப் பிடிக்க, காதர் பாஷா போல்ட்டை இறுக்கினார். கசிவு ஏற்பட்டால் தானாக விழுகிற டிரிப் சுவிட்ச் ஒன்றும் வைத்தார்கள். முதல் நாளே வைத்திருக்க வேண்டியது. வேண்டுமென்றே கசிய விட்டுப் பார்த்தார்கள். டப்பென்று விழுந்தது. மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடியும் விழுந்தது.

"இனிமே யாராவது எர்த்துன்னு சொன்னா, 'எந்த எர்த்து?'ன்னு கேட்டுட்டுதான் அடுத்த வேலை," என்றார் காதர் பாஷா.

டெஸ்டர் எரியவில்லை. ஈரத் தரையில் செருப்பைக் கழற்றினேன். ஜெரால்டு, "அம்மா, நான் பிடிக்கறேன்," என்று முன்னால் வந்தார். வேண்டாம் என்று நானே பிடித்தேன். வெறும் இரும்பு. சில்லென்றிருந்தது.

மற்ற ஆறேழு வண்டிக்காரர்களின் பெயரையும் எண்ணையும் சென்னியப்பனிடம் கேட்டேன். "அதெல்லாம் நானே சொல்லிக்கறனுங்க," என்றார். எப்போது என்றேன். "பொங்கலுக்கு அப்புறம்," என்றார். பொங்கலுக்கு எல்லாக் குடும்பமும் பிள்ளைகுட்டிகளோடு வண்டியில்தான் கிளம்பும் என்றேன். போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

டிசம்பர் 15, திங்கள்

வண்டி திரும்பி வந்துவிட்டது. இவர் இன்று முதல் முறையாகச் செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்ததை அவர் பார்த்தார்.

சாப்பிடும்போது, "நீ முதல்லயே பஸ் வேணாம்னு சொன்ன. ஷாக் அடிச்சதச் சொன்னா நீ சொல்லிக் காட்டுவன்னு நெனச்சேன்," என்றார்.

"அதுக்காக என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்க."

ரசத்தை ஊற்றிக்கொண்டார். நான் சொல்லிக் காட்டியிருப்பேனா என்பது இங்கே கேள்வியே அல்ல.

டிசம்பர் 17, புதன்

இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. இவரும் அதில் இருக்கிறார். அதே பட்டறையில் கட்டியவர்கள் நான்கு பேர் அதில் இருக்கிறார்கள். எண்களைத் தாருங்கள் என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். "அடுத்தவங்க வண்டில நாம எதுக்கு மூக்கை நுழைக்கணும், சென்னியப்பன் கேஸ் கீஸ் போட்டுடுவான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று காலை பால் வாங்கப் போகிறேன் என்று கிளம்பினார். பால் ஏற்கெனவே வந்து, காய்ச்சி, காபியும் குடித்தாகிவிட்டது. போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். திரையில் அந்தக் குழு திறந்திருந்தது.

எண்களை எழுதிக்கொண்டேன்.

முதல் எண் விருதுநகர். ஓர் ஆண் எடுத்தார். யார், எந்தப் பட்டறை, எந்த வண்டி என்று சொன்னேன். ஏறும்போது ஷாக் அடிக்கிறதா என்று கேட்டேன்.

"நம்ம வண்டில அப்படியெல்லாம் கிடையாதுங்க. ஃபர்ஸ்ட் கிளாஸ் வேலை. இப்பக்கூட வாசல்ல சார்ஜ் போட்டுத்தான் நிக்குது. நாளைக்குக் குத்தாலம் கிளம்புறோம், பேரப் புள்ளைகளெல்லாம் வந்திருக்கு."

"நீங்க செருப்புப் போட்டுட்டு ஏறுவீங்களா?"

"அது... ஆமா. ஏன் கேக்கிறீக?"

"உங்க வீட்டம்மா இருக்காங்களா? ஒரு நிமிஷம் குடுங்களேன்."

"அவளுக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்களே."

"பரவாயில்லை. குடுங்க."

போன் கை மாறியது. பின்னால் குழந்தைகளின் சத்தம், யாரோ எதையோ கீழே போட்ட சத்தம். தன் பெயர் மகாதேவி என்றார். என் பெயரைச் சொன்னேன்.

"வண்டில ஏறும்போது செருப்பக் கீழ விட்டுட்டு ஏறுவீங்களாம்மா?"

"ஆமாக்கா. வீடு மாதிரி பொழங்குற எடமாச்சே."

"கம்பியப் பிடிச்சா கை இழுக்குதா?"

அந்தப் பக்கம் குழந்தைகளின் சத்தம் விலகிப்போனது, ஒரு கதவு மூடியது. பிறகு, வேறு அறைக்குப் போய்விட்ட மாதிரி, தணிந்த குரலில் கேட்டார்.

"உங்களுக்குமாக்கா?"

"எனக்குந்தான்."

"பதட்டத்துக்குன்னு மாத்திர குடுத்திருக்காகக்கா. மூணு மாசமாத் திங்கிறேன். எம் மனசுக்குத்தான் அப்படித் தோணுதுன்னாக. நானும் சரி, நமக்குத்தான் என்னமோன்னு..."

"மாத்திரைய அப்புறம் பேசலாம். முதல்ல அந்த பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்க. குழந்தைங்க யாரும் வண்டிகிட்ட போக வேணாம்."

"இருங்கக்கா, வைக்காதீக," என்றார். கதவு திறக்கிற சத்தம். அதுவரை கேட்காத ஒரு குரலில், வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்: "ஏங்க, இங்கிட்டு வாங்க. ஸ்பீக்கர்ல போடுறேன். அக்கா, இப்பச் சொன்னீகளே, அத அப்படியே இவுகளுக்கும் ஒருக்காச் சொல்லுங்க."